சத்தம் போன ரீவி

1986ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வெளியே சைபருக்குக் கீழே பதினேழு பாகை. புதிதாகப் பனி கொட்டவில்லை. முதல்நாள் கொட்டியதைக் காற்று தூக்கித் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மாமா, இரவு முழுவதும் கந்தோர்கள் கூட்டித் துடைத்துவிட்டு வந்தவர், கடைத் தள்ளுவண்டில் ஒன்றில் ஒரு ரீவியை ஏற்றிக்கொண்டு வந்து, பதினோராம் மாடியில் எங்கள் கதவை முழங்காலால் தட்டினார். மூன்று தட்டு.

சென்ற மாதம் மல்வேர்ன் கோப்பிக் கடையில் நீங்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்ன விஷயத்துக்கு நான் வாய் திறக்கவில்லை. அதற்கான பதில்தான் இது. நேரில் சொல்ல எனக்கு வராது. எழுதினால் நடுவில் மறிக்க ஆளில்லை.

பேச்சைத் தொடங்கியது நம்மிடையே இருக்கும் பஸ் சாரதி. பேரப்பிள்ளைகளோடு இருந்து ரீவி பார்த்த எரிச்சலில் வந்திருந்தார்.

"இப்பத்தே அமெரிக்கன் கார்ட்டூனுகளைப் பாத்தனீங்களே? ஒண்டும் ஓடாது, ஒண்டும் விழாது. ரெண்டு சோபாவில இருந்து கதைச்சுக்கொண்டே இருக்குதுகள். எங்கட அகதிக் கேஸுக்கு லோயர்கூட அவ்வளவு கதைக்கேல்லை."

"கதைச்சு முடிய கட்டிப்பிடிக்குதுகள்," என்றார் வரிக்கணக்குப் பார்ப்பவர். "பூனை எலியிட்ட மன்னிப்புக் கேக்குது. பிறகென்னத்துக்கு அது பூனை?"

"எங்கட காலத்துக் கார்ட்டூனிலை குண்டு வெடிச்சாலும் முகத்தில கரி பூசினதோடை சரி. அடுத்த நிமிசம் எழும்பி ஓடும்."

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்? எப்படியும் எண்ணிக்கொண்டு வந்திருப்பியள்."

சிரித்தீர்கள். நான் கோப்பியைக் குடித்தேன். உண்மையில் அப்போது எண்ணியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணினேன்.

எனக்கு வயது ஐம்பத்துமூன்று. உங்களில் மூவர் என்னைவிட மூத்தவர்கள். ஆனால் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட், ஒரு மாற்று முழங்கால், நாலு வயதில் ஒரு பேத்தி என்று கணக்குப் பார்த்தால் நானும் கிழவன்தான். பேத்தியோடு மூன்று சனிக்கிழமைகள் இருந்து, ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். இப்போதையது ஒன்று, பதினொரு நிமிடம்: விழுந்தது ஒரு தரம், அதுவும் கட்டிலில் இருந்து. வெடித்தது இல்லை. 'சொறி' என்று மன்னிப்புக் கேட்டது ஆறு தரம். கண்ணீர் இரண்டு தரம். பிறகு பேத்தியின் தாயிடம் சொல்லி ஒரு பழையதைப் போடச் சொன்னேன். ஏழு நிமிடம்: விழுந்தது இருபத்துமூன்று, வெடித்தது ஒன்பது, செத்தது யாருமில்லை, பேசிய சொற்கள் பதினான்கு.

அதோடு நிற்காமல் இன்னொரு சோதனையும் செய்தேன். சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு இரண்டையும் திரும்பப் பார்த்தேன். பழையது ஒன்றும் குறையவில்லை. ஒரு சிரிப்புக்கூடத் தவறவில்லை. புதியதில் இரண்டு முகங்கள் எதிரெதிரே இருந்து வாயைத் திறந்து மூடின. பேத்தி நாற்பது விநாடியில் அழத் தொடங்கிவிட்டாள்.

ஆக, நீங்கள் சொன்னது சரி. பழைய கார்ட்டூனுக்குக் காது தேவையில்லை. புதியதைக் காதில்லாமல் பார்க்க முடியாது. நீங்கள் அதைப் பழையதின் திறமை என்கிறீர்கள். என் தம்பிக்குக் காது போனது அந்தத் திறமையால்தான். பாதியாவது அதனால். மிச்சப் பாதி எங்களால்.

ரீவிக்கு வருகிறேன்.

வெலஸ்லி வீதிப் பக்கம் ஓர் அறை அப்பார்ட்மென்ட். வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேர். உள்ளே ஆறு பேர். மாமா, மாமாவின் கூட்டாளிகள் இருவர், அம்மா, நான், தம்பி. அப்பா ஜேர்மனியில் கேஸ் போட்டுவிட்டு அங்கே மாட்டியிருந்தார். எனக்குப் பதின்மூன்று, தம்பிக்கு ஆறு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்து இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன.

"களவோடா?" என்றார் அம்மா, ரீவியைக் கண்டவுடன்.

"எறிஞ்சு கிடந்தது அக்கா. இந்த நாட்டில றோட்டுக்கு வந்தால் எடுக்கிறவனுக்குத்தான்."

"லைசென்ஸ் கேட்டு வருவாங்களோ?"

"உதுக்கெல்லாம் இஞ்சை லைசென்ஸ் இல்லை. பிளக்கைக் குத்துங்கோ."

மரப்பெட்டி வைத்த ரீவி. பத்தொன்பது அங்குலம், நான் அடிமட்டத்தால் அளந்தேன். சனல் மாற்றும் குமிழ் கழன்று போயிருந்தது. அந்தத் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்ப வேண்டும். குறடு எப்போதும் ரீவியின் மேல், சிவப்புப் பிடி எங்கள் பக்கம் பார்க்க இருக்கும். அதைத் தொட உரிமை உள்ளவன் நான் மட்டும். மாமா பிளக்கைக் குத்தியதும் தூசி சுடும் மணம் வந்தது. பிறகு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து விரிந்தது. படம் வந்தது. சத்தம் வரவில்லை.

மாமா அடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் நாலு, மேலே இரண்டு. பின்பக்கத்தைக் கழற்றி, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டையைக் கண்டார். யாரோ முன்னமே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

"பரவாயில்லை," என்றார். "சத்தம் வந்தாலும் எங்களுக்கு விளங்கப் போறதில்லை. சுப்பருக்கும் கேக்காது."

சுப்பர் என்றால் கட்டடப் பொறுப்பாளர். எங்கள் வீட்டின் முதல் சட்டம் நாங்கள் எத்தனை பேர் என்பது அவர் காதுக்கு எட்டக்கூடாது என்பது. தம்பிக்கு அந்தச் சட்டம் பிடிபடவில்லை. அவன் அந்த மார்கழியில் இருந்தே உரத்துக் கதைக்கத் தொடங்கியிருந்தான். தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கத்தித்தான் கேட்பான். "மெல்லக் கதையடா, சுப்பர் வந்திடுவான்" என்று அம்மா வாயைப் பொத்துவார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பொத்தினார் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்ட சிலவற்றில் அது ஒன்று. தை முடியுமுன் அவன் கத்துவதை விட்டான். பிறகு கதைப்பதையும் பெருமளவு விட்டான். பிள்ளை திருந்திவிட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல்.

சனிக்கிழமைக் காலையில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கார்ட்டூன். ஏரிக்கு அப்பால் பஃபலோவில் இருந்து வரும் அமெரிக்கச் சனல்கள் மூன்று. அன்ரெனா இரண்டு கம்பி. நுனியில் சில்வர் பேப்பர் சுற்றியிருந்தோம். யாராவது ஒருவர் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் தெளிவாக இருக்கும். மாடியில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் கம்பி. நேரம் பிடிப்பவன் நான்.

சத்தம் இல்லாத படத்துக்குச் சத்தம் கொடுக்கும் வேலையும் என்னிடமே வந்தது. ரீவிக்குப் பக்கத்தில் சுவரோடு நின்று கதை சொல்வேன். ஒரு நரி ஒரு கோழியைத் துரத்தும். நரி எங்கள் ஊரில் பங்கீட்டு அரிசி கொடுக்கும் சங்கக்கடை மனேச்சர். கோழி கணக்கு ரீச்சர். இடையில் வந்து இரண்டு பேரையும் அடிக்கும் பெரிய நாய் ஊரதிகாரி விதானையார். மலையுச்சியில் இருந்து நரி விழும்போது, "அரிசி முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ!" என்று நீட்டி முழக்குவேன். பிள்ளைகள் நிலத்தில் உருண்டார்கள். இரவு வேலை முடிந்து படுத்திருந்த மாமாவின் கூட்டாளி ஒருவர் போர்வைக்குள் இருந்து, "மருமோன், மனேச்சர் இண்டைக்குச் சீனி குடுக்கேல்லையோ?" என்று கேட்பார். என் வாழ்க்கையில் ஆட்கள் எனக்காகச் சிரித்தது அந்த ஒரு காலத்தில் மட்டும்.

அந்தக் காலத்திலேயே புதிய கார்ட்டூன்களும் இருந்தன, இதைக் கவனியுங்கள். இயந்திர மனிதர்கள் வரிசையில் நின்று நீளமாகப் பேசிவிட்டுப் பிறகு கொஞ்சம் சுடுவார்கள். அதை என்னால் ஒப்பேற்ற முடியவில்லை. நான் எதைச் சொன்னாலும் வாய் இன்னும் ஆடிக்கொண்டே இருக்கும். தம்பி எழும்பி வந்து குறட்டை என் கையில் திணிப்பான். மாற்று என்று அர்த்தம்.

தம்பி ரீவியில் இருந்து இரண்டு அடியில் இருப்பான். கால் மடித்து, வாய் பிளந்து, கண் இமைக்காமல். அவன் சிரிப்பதை நான் கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். வேறு யாரையும் எண்ணவில்லை. மற்றவர்களுக்கு என் கதை பிடிக்கும் என்று தெரியும். ஒரு சொல்லும் பேசாமல் இருக்கும் இவனுக்குப் பிடிக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. நாற்பத்தொரு பகிடி சொன்னால் நாற்பத்தொரு தரமும் சிரித்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒரு குறை மட்டும். அவன் எப்போதும் மற்றவர்களை முந்திச் சிரித்தான். அரைக் கணம்தான். மற்றப் பிள்ளைகள் நான் சொல்லி முடியும்வரை காத்திருந்து சிரிப்பார்கள். இவன் நரி காலை வெளியே வைத்தவுடனேயே சிரித்துவிடுவான். "அவசரக்குடுக்கை, சொல்லி முடிய விடன்ரா" என்று அவன் தலையில் குட்டியிருக்கிறேன். அவன் திரும்பிப் பார்த்து அதற்கும் சிரிப்பான்.

எதிர்வீட்டு அன்ரியிடம் சத்தம் உள்ள கலர் ரீவி ஒன்று மாசிக் கடைசியில் வந்தது. எங்கள் பார்வையாளர்கள் ஐவரும் அங்கே போனார்கள். நானும் போனேன், வெட்கமில்லாமல். தம்பி ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அன்ரி அம்மாவிடம் அதிசயமாகச் சொன்னார்:

"உங்கட சின்னவனுக்கு எங்கட ரீவி பிடிக்காதாம். தன்ர வீட்டுப் பொருள்தான் வேணுமாம். ரோசக்காரன்!"

அம்மாவுக்குப் பெருமை. "அவன் தேப்பனைப் போல," என்றார். அன்று அவனுக்கு ஒரு முட்டை கூடக் கிடைத்தது.

அவனுடைய வலக்காதில் இருந்து ஒரு நீர் வரும். தலையணையில் மஞ்சள் வட்டம். சளி காதுக்கு வந்துவிட்டது என்று அம்மா நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி, கரண்டியில் ஆறவைத்து மூன்று சொட்டு விடுவார். மூன்றையும் எண்ணிச் சொல்வது நான். அந்த உள்ளி எண்ணெய் மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது, வாடிய பூத்தண்ணீர் போல. ஒரே கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில் படுத்தவன் நான். அந்த மணத்தைத் தம்பியின் மணம் என்றே நினைத்துக்கொண்டேன்.

மாசி 20ஆம் திகதி, வியாழக்கிழமை, தம்பியின் வகுப்பில் இருந்து கடிதம் வந்தது. அவன் புத்தகப்பையில் நாலாக மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு முத்திரை. தம்பியின் முழுப்பெயர். திகதி, நேரம், ஒரு கட்டடத்தின் விலாசம், அறை இலக்கம். பெற்றோர் அல்லது பாதுகாவலர் கட்டாயம் கூட வரவேண்டும். நடுவில் தடித்த எழுத்தில் இரண்டு சொற்கள். முதலாவது, ஹியரிங்.

அந்தச் சொல்லை விளக்க உங்களுக்கு நான் தேவையில்லை. நம்மில் யாருக்கும் அந்த நாட்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இரவில் நித்திரை கொள்ள விடாத சொல். 'ஹியரிங் எப்ப?' 'ஹியரிங் முடிஞ்சுதோ?' 'ஹியரிங்கில என்ன கேட்டவன்?' கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் அதைத்தான் கேட்டோம். எங்கள் அகதிக் கேஸுக்கு ஹியரிங் திகதி இன்னும் வரவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறக்கமுன் கையெடுத்துக் கும்பிடுவார்.

மாமா கடிதத்தை வாங்கினார். கதவைப் பூட்டினார். "அகராதியை எடு."

அகராதியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நான் இரண்டையும் வாசித்தேன். ஒன்று, செவிப்புலன், கேட்டல். இரண்டு, வழக்கு விசாரணை.

"முதலாவது இஞ்சத்தே ஆக்களுக்கு," என்றார் மாமா. "எங்களுக்கு ரெண்டாவது. மற்றச் சொல்லைப் பார்."

மற்றச் சொல் ஸ்கிரீனிங். அகராதி சொன்னது: சலித்தல், வடிகட்டல்.

மாமா நிலத்தில் இருந்துவிட்டார். "வடிகட்டப் போறாங்கள் அக்கா. பெரியாக்களைக் கேட்டால் பொய் சொல்லுவினம் எண்டு சின்னப் பிள்ளையைக் கூப்பிடுறாங்கள்."

"அவன் வாயே திறக்கமாட்டானே," என்றார் அம்மா.

"அதுதான் பயம். திறக்காட்டிலும் பிழை, திறந்தாலும் பிழை. வீட்டில எத்தினை பேர் எண்டு கேட்டாலே முடிஞ்சுது."

எதிர்வீட்டுத் தொலைபேசியில் இருந்து லோயரின் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. "லோயர் இல்லாமல் ஒரு ஹியரிங்குக்கும் போகக்கூடாது. ஒரு கடதாசியிலயும் கையெழுத்து வைக்கக்கூடாது. விளங்குதோ?" இதைவிடச் சரியான புத்திமதி அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

ஆனாலும் மாமா முட்டாள் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, முதலாவது அர்த்தத்தையும் ஒருக்கால் சோதித்தார். தம்பி ரீவி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய்க் குனிந்து, அவன் தலைக்கு மேலே பலமாகக் கை தட்டினார். தம்பி திரும்பினான். பலகைத் தரை அதிர்ந்ததா, காற்று அவன் கழுத்தில் பட்டதா, அல்லது இடக்காதில் மிஞ்சியிருந்தது அந்த அளவுக்குப் போதுமாக இருந்ததா, தெரியாது.

"எல்லாம் கேக்குது," என்றார் அம்மா. "பள்ளிக்கூடத்தில படம் காட்டுறான்."

மாமா என்னைக் கேட்டார்: "மருமோன், நீதான் இவனோடை நாள் முழுக்க நிக்கிறனி. கேக்குதோ, இல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லு."

நான் யோசிக்கவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். ஆறு சனிக்கிழமைகள். திகதி போட்டு, கோடு போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து. இத்தனை பகிடி, இத்தனை சிரிப்பு. "நான் சொல்லுற எல்லாத்துக்கும் சரியாச் சிரிக்கிறான். மற்றவையள் பிந்தித்தான் சிரிப்பினம். இவனுக்கு எல்லாரையும்விட நல்லாக் கேக்கும்."

மாமா கொப்பியைப் பார்த்து என் முதுகில் தட்டினார். "படிச்சவன் கணக்கு," என்றார்.

பதில் கடிதம் நான் எழுதினேன், மாமா சொல்ல, என் நல்ல எழுத்தில். 'ஐயா, எங்கள் ஹியரிங் எங்கள் லோயரிடம் இருக்கிறது. தயவுசெய்து அவரைக் கேளுங்கள்.' அந்த ரீச்சர் அதை வாசித்து என்ன நினைத்திருப்பார் என்று முப்பத்தொன்பது வருடங்களாக யோசிக்கிறேன். அவர் ஒரு தரம் தொலைபேசியிலும் எடுத்தாராம். எதிர்வீட்டு அன்ரி அம்மாவைக் கூப்பிட, அம்மா "நோ இங்கிலிஷ்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வைத்துவிட்டார். சித்திரையில் இரண்டாவது கடிதம். ஐப்பசியில், அடுத்த வகுப்பில் புது ரீச்சரிடம் இருந்து மூன்றாவது. மூன்றாவதை நான் மாமாவிடம் காட்டவே இல்லை. பதில் எனக்குப் பாடமாக இருந்தது. எழுதி, அம்மாவின் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

1987 பங்குனியில் மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸுக்கு மாறினோம். இரண்டு அறை கூடுதலாக, பக்கத்தில் பஸ். மாமாவுக்குப் பகல் வேலை கிடைத்திருந்தது. 14ஆம் திகதி புது ரீவி வந்தது, பெட்டியோடு, பற்றுச்சீட்டோடு. பழையதைக் கட்டடத்துக் குப்பையறையிலேயே விட்டுவிட்டு வந்தோம், மேலே குறட்டோடு. அறுபத்தொரு சனிக்கிழமைகள் அது எங்களிடம் இருந்தது. நாலு நாள் பார்க்கவில்லை. ஆக, ஐம்பத்தேழு காலைகள்.

புது ரீவியில் முதல் கார்ட்டூன். பழைய நரி, பழைய கோழி. ஆனால் இப்போது மேளமும் ஊதுகுழலும், விழும்போது நீளமாக ஒரு விசில், கீழே போய் 'டமார்'. சங்கக்கடை மனேச்சருக்குக் குரலே கிடையாது, எதிர்வீட்டில் கண்டதுபோலவே. எங்கள் வீட்டிலும் எனக்கு வேலை போய்விட்டது. நானும் மாமாவும், வீடு பார்க்க வந்த எதிர்வீட்டு அன்ரியின் பிள்ளைகள் இருவரும் வாய் பிளந்து இருந்தோம். தம்பி இரண்டு அடியில்.

குசினியில் இருந்து அம்மா, "குறையுங்கோடா, தலை வெடிக்குது!" என்றார். நான் எழும்பிப் போய்க் குமிழைத் திருப்பினேன். புதுக்குமிழ், வழுக்கிக்கொண்டு போனது. கூடத் திருப்பிவிட்டேன். சத்தம் முழுதாக நின்றது.

"ஏய்!" என்று பிள்ளைகள் இருவரும் கத்தினார்கள். மாமா, "டேய், போடடா!" என்றார்.

தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு குறைத்தேன். கூட்டினேன். குறைத்தேன். நாலு தரம். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் குமிழைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மறைக்காதே, தள்ளி நில் என்று கையால் காட்டினான். மாமா எழும்பி நின்றார். நரி எட்டாவது தரம் விழுந்தது.

வைத்தியர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. தம்பியின் வலக்காதுக்குள் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஒரு படம் வரைந்து காட்டினார். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சதை வளர்ந்து, உள்ளே இருக்கும் சின்ன எலும்புகளைத் தின்றுகொண்டு போயிருக்கிறது. மூன்று எலும்பில் மிச்சம் ஒன்றும் இல்லை. மூளைக்குப் போகாமல் இருக்க உடனே வெட்ட வேண்டும். கேட்கும் திறன் திரும்பாது. இடக்காதிலும் அதே சதை தொடங்கி அடைத்துவிட்டது, துப்புரவாக்கினால் அதில் பாதி கேட்கும்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன், சொல்லுக்குச் சொல்.

அதன்பிறகு வைத்தியர் இன்னொரு வசனம் சொன்னார். ஒரு வருடத்துக்கு முன்னர் கொண்டுவந்திருந்தால் இரண்டு காதையும் காப்பாற்றியிருக்கலாம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நல்லகாலம், இப்பவாவது கொண்டுவந்தியள் எண்டு சொல்லுறா."

அம்மா அந்தப் பெண்மணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிடத்தில் அவருக்கு அதற்குள் போதிய அளவு ஆங்கிலம் வந்திருந்தது. அன்றிலிருந்து சாகும்வரை அவர் என்னை மருமோன் என்று கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கோபத்தில் என்று நினைக்கவில்லை. அம்மா சாகும்வரை நல்லகாலம் என்றே நம்பினார். அவரும் போய் இப்போது பதினொரு மாதம்.

எனக்கு அதைப் பற்றி ஏதாவது தோன்றுகிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால் அதிகம் தோன்றுவதில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நான் எண்ணிப் பார்க்கிறேன்.

கோப்பிக் கடையில் நீங்கள் பேசி மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை, பேத்தியைக் கூட்டிக்கொண்டு விட்பியில் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பிக்கு நாற்பத்தாறு. கட்டட வரைபடம் வரைகிற வேலை. இடக்காதில் கருவி. பேத்தி அவனுடைய பெரிய ரீவியில் தன்னுடைய கார்ட்டூனைப் போட்டாள். அந்த வீட்டில் ரீவியின் கீழே எப்போதும் எழுத்து ஓடும். அவன் எழுத்தை வாசித்துச் சிரித்தான். பேத்தியைவிட அவன்தான் ரசித்தான்.

"அண்ணா, உங்கட கோப்பிக்கடை ஆக்கள் பழைய கார்ட்டூன்தான் திறம் எண்டு சொல்லுவினம். எனக்கு உதுதான். எல்லாத்தையும் எழுதிப் போடுறாங்கள். ஆர் என்ன நினைக்கினம் எண்டுகூடத் தெரியும்."

"பழசில நான் சொன்னது உனக்குப் பிடிக்கேல்லையோ?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நரி கதைச்சது. சங்கக்கடை மனேச்சர்."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்கள் கதைச்சனீங்களோ? ரீவிக்குப் பக்கத்தில நிண்டு? நீங்கள் ஏதோ சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அப்போது சொன்னேன். கடிதம், அகராதி, கொப்பி, மூன்றாவது கடிதம், வைத்தியர் சொன்ன வசனம். கருவி இருக்கும் பக்கமாகக் கதிரையை இழுத்துப்போட்டு, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"ஹியரிங்," என்றான் அவன். "ரெஃப்யூஜி ஹியரிங் எண்டு நினைச்சியளோ? எனக்கு? ஆறு வயசில? ஸீரியஸ்லி?"

சிரித்தான். நீண்ட நேரம் சிரித்தான். பேத்தியும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். பிறகு நின்றது.

"அம்மாக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"மாமாக்கு?"

"தெரியும். கடைசிக் கடிதம் தெரியாது."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"ஓகே," என்றான். காதில் இருந்த கருவியைக் கழற்றி, மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். அதைக் கழற்றினால் பக்கத்தில் இருந்து நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. பேத்தியின் பக்கம் திரும்பி மிச்சக் கார்ட்டூனைப் பார்க்கத் தொடங்கினான். முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. நான் இரண்டு வசனம் சொன்னேன். அவன் எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் நான் புதிய கார்ட்டூன் பக்கம். அவை எவ்வளவு வேண்டுமானாலும் கதைக்கட்டும், எத்தனை தரமும் கட்டிப்பிடிக்கட்டும். அந்தப் பழைய ரீவியில் அப்படிக் கதைக்கிறவை மட்டுமே ஓடியிருந்தால், நான் என்ன சொன்னாலும் அவன் சிரித்திருக்க மாட்டான். முதல் சனிக்கிழமை, எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் என் பகிடியை எண்ணியிருக்க மாட்டேன்.

நீங்கள் எப்படியும் கணக்குக் கேட்பீர்கள். வலக்காது முழுதாக, ஒன்று. இடக்காதில் பாதி. மொத்தம் ஒன்றரை.